பெயர் மட்டும் நிற்கும் தெரு

(கோவையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இக்கூட்டத்திற்கு வருங்கால், மணிக்கூண்டின் அருகே பேருந்தினின்று இறங்கி நடந்தே வந்தேன். வழியில் பள்ளிப்பை தோளில் தொங்க நின்றிருந்த சிறுவன் ஒருவனிடம், “தம்பி, இந்தத் தெருவுக்கு என்ன பேர்?” என்று கேட்டேன். “வெரைட்டி ஆல் ரோடுங்க” என்றான். “அந்த ஆல் எங்கே இருக்குது?” என்றேன். அவன் இடப்புறம் பார்த்தான், வலப்புறம் பார்த்தான். “அப்படியொண்ணும் இங்க இல்லீங்களே” என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சொன்னது உண்மை. அப்படியொன்றும் இன்று அங்கில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேலாக அஃது அங்கிருந்தது. தெருவுக்குப் பெயர் கொடுத்தது. தெருவிலுள்ள காவல் நிலையத்திற்கும் அப்பெயரே வாய்த்தது. பெயர் கொடுத்த கட்டடம் போயிற்று. கொடுத்த பெயர் மட்டும் பலகைகளில் நிற்கின்றது. அந்தக் கட்டடத்தைப் பற்றியும், அதை எழுப்பிய தமிழரைப் பற்றியும், அது போனமைக்கு நாம் ஏற்கவேண்டிய பொறுப்பைப் பற்றியுமே இன்று உங்களிடம் பேச வந்துள்ளேன்.

ஒரு வரைவாளரின் துணிவு

சாமிக்கண்ணு வின்சென்று 1883-ஆம் ஆண்டு இக் கோவையில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராகப் பணிசெய்து வந்தார். மாதந்தோறும் ஊதியம் வரும் வேலை. அக்காலத்தில் அதைப் பெரும்பேறு என்பர். அவ்வேளையில், ஊர் ஊராகச் சென்று அசையும் படங்களைக் காட்டிவந்த தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் திருச்சிக்கு வந்தார். உடல்நலங் குன்றியமையால் மேலுஞ் செல்லமாட்டாமல் தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். 1905-ஆம் ஆண்டு அது. சாமிக்கண்ணுக்கு அகவை இருபத்திரண்டு. அவர் பணந்திரட்டி அக்கருவியை வாங்கினார், வேலையை விட்டார், தாமே படங்காட்டியாகப் புறப்பட்டார்.

இத்துணிவின் அளவை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பாரிசு நகரத்தில் இலூமியர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று முதன்முதல் படங்காட்டியது 1895-ஆம் ஆண்டு திசம்பர் 28-ஆம் நாள். மும்பையில் அவர்தம் படங்கள் காட்டப்பெற்றது 1896 சூலை 7-ஆம் நாள். அதற்குப் பின் பத்தாண்டுகூட முழுமையாகக் கழியாத நிலையில், அயலார் கையிலிருந்த புத்தம்புதிய கலைத்தொழிலை ஒரு தமிழ் இளைஞர் தம் கைக்கு மாற்றிக்கொள்கிறார். அதற்குரிய பள்ளி இல்லை, பயிற்றுவிப்பார் இல்லை, கருவி பழுதுற்றால் சரிசெய்து தருவார் இல்லை. வரைவாளராக இருந்து பெற்ற பொறியறிவும் சொந்த ஊக்கமுமே அவருக்குத் துணை.

கூடாரமும் கொட்டகையும்

தொடக்கத்தில் அவர்க்குக் கட்டடம் ஏதுமில்லை. கூடாரமே அரங்கு. ஊர்ப்புறத் திடலில் கூடாரம் எழும்பும். ஒருபுறம் வெள்ளைத் துணி தொங்கும். எதிர்ப்புறம் கருவி நிற்கும். கருவியைக் கையாற் சுழற்றவேண்டும். கை தளர்ந்தால் திரையில் ஓடும் குதிரை நடக்கத் தொடங்கிவிடும்; கை விரைந்தால் நடக்கும் மாந்தர் பறப்பர். இயேசு பெருமானின் வாழ்க்கை பற்றிய படம் அவர் காட்டியவற்றுள் ஒன்று. தென்னாட்டு ஊர்கள் பலவற்றைக் கடந்து, வடநாட்டின் தொலைவிடங்களுக்கும் அவர் தம் கூடாரத்தைக் கொண்டுசென்றார். 1909-ஆம் ஆண்டு சென்னையிலும் கூடாரம் அடித்துப் படங்காட்டினார்.

அக்காலப் படங்கள் ஊமைப்படங்கள். ஆனால் அவை காட்டப்பட்ட இடம் ஊமையாக இருந்ததில்லை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. திரையின் பக்கத்தில் விளக்கவுரைஞர் ஒருவர் நின்று, ஓடுகின்ற படத்தின் கதையை உள்ளூர் மொழியில் உரத்துச் சொல்லுவது அன்றைய வழக்கம். படம் எந்நாட்டிலிருந்து வந்ததாயினும், தமிழூர்க் கூடாரத்துள் அது தமிழால்தான் விளங்கிற்று. பேசும்படம் பிறப்பதற்கு முன்பே கொட்டகை தமிழ் பேசிவிட்டது. ‘கொட்டகை’ என்னும் சொல்லையும் கருதுங்கள். யாரும் குழு அமைத்து அச்சொல்லை ஆக்கவில்லை. மாடு கட்டவும் பந்தலிட்டு நாடகம் ஆடவும் தமக்குப் பழக்கமாயிருந்த ஒரு சொல்லை எடுத்து, மக்கள் அப்புதிய இடத்திற்குச் சூட்டினர். கொங்குச் சிற்றூர்களில் அது ‘கொட்டாய்’ ஆயிற்று. புதியதைக் கண்டு மருளாமல் தம் சொல்லுக்குள் அதை அடக்கிக்கொண்ட அம்மக்களின் மொழித்திறன் போற்றத்தக்கது.

பல்சுவை மன்றம்

கூடாரத்தோடு அலைந்தவர் 1914-ஆம் ஆண்டு இங்கே, தாம் பிறந்த ஊரில், நிலையான அரங்கு ஒன்றை எழுப்பினார். அதற்கு ‘வெரைட்டி ஆல்’ என்று பெயரிட்டார். தமிழிற் சொன்னால் பல்சுவை மன்றம். ஆங்கிலப் பெயரிட்டாரே என்று இன்று நாம் வருந்தலாம்; ஆனால் அப்பெயரின் பொருளில் ஒரு வரலாறு புதைந்துகிடக்கின்றது.

அக்காலப் படச்சுருள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1000 அடி. நொடிக்குப் பதினாறு படங்கள் என்னும் அளவில் ஓட்டினால், ஒரு சுருள் கால்மணி நேரத்திற்குச் சற்றே மிகுதியாக ஓடும். ஒரே கருவி உள்ள அரங்கில், ஒரு சுருள் முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்ததை மாட்டவேண்டும். அதுவரை மக்களை இருட்டில் வாளா இருத்த இயலாது. எனவே பாட்டு, ஆட்டம், நகைக்கூத்து, உடற்பயிற்சி விளையாட்டு என இடையிடையே வேறு காட்சிகளை வைப்பது அன்றைய அரங்குகளில் வழக்கம். படமும் பிறவும் கலந்த நிகழ்ச்சியே பல்சுவை நிகழ்ச்சி. திரைப்படம் தனித்து நிற்கும் வலிமை பெறாத இளமைப் பருவத்தின் அடையாளத்தை அப்பெயர் தாங்கியிருக்கின்றது. ஒரு தெருவின் பெயர்ப்பலகையில் இத்துணைச் செய்தி உண்டு. அதை அறிந்தவர் எத்தனை பேர்?

இன்னொன்றும் கூறவேண்டும். 1914-இல் கோவையில் இன்றுள்ளதுபோல் மின்கம்பம் வீதிதோறும் நிற்கவில்லை. பைக்காரா நீர்மின்னாற்றல் கிடைக்கத் தொடங்கியது 1932-ஆம் ஆண்டளவில்தான். சாமிக்கண்ணு தம் அரங்கிற்கு வேண்டிய மின்னாற்றலைப் பொறி வைத்துத் தாமே ஆக்கிக்கொண்டார். அவ்வாற்றலை அரங்கிற்கு மட்டுமன்றி அச்சகத்திற்கும் ஆலைக்கும் பயன்படுத்தினார். பின்னாளில் ஆலைகளாலும் பொறித்தொழிலாலும் பெயர்பெற்ற இந்நகரத்தில், மின்னாற்றலைத் தொழிலுக்குப் பூட்டிய முன்னோடிகளுள் ஒருவர் ஒரு படக்கொட்டகைக்காரர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

முதன்மை பற்றிய உண்மை

இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். தென்னாட்டில் எழுந்த முதல் நிலையான படவரங்கு இதுவே என்று நம்மவர் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். பெருமை பேசுவதில் நமக்குள்ள விரைவு, உண்மை தேடுவதில் இல்லை. சென்னை அண்ணாசாலையில் வார்விக் மேசர் என்னும் ஆங்கிலேயர் ‘எலக்டிரிக் தியேட்டர்’ என்னும் மின்சாரக் கொட்டகையை 1913-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டார். சென்னையிலேயே இரகுபதி வெங்கையா என்னும் தெலுங்கர் எழுப்பிய ‘கெயிட்டி’ அரங்கும் இதே 1914-ஆம் ஆண்டினதே. ஆகவே ‘முதல்’ என்னும் சொல்லுக்காக நாம் மல்லுக்கு நிற்கவேண்டா. பொய்ப்பெருமை மெய்ப்பெருமையைக் கெடுக்கும். தென்னாட்டில் நிலையான படவரங்கு எழுப்பிய முன்னோடிகள் வரிசையில் ஒரு தமிழர் நிற்கின்றார். அதுவும் தலைநகரில் அன்று, கொங்கு நாட்டுக் கோவையில். இவ்வுண்மையே நமக்குப் போதும்.

திரை பேசத் தொடங்கியபோது

1931-ஆம் ஆண்டு அக்தோபர் 31-ஆம் நாள் ‘காளிதாசு’ வெளிவந்தது. தமிழின் முதற் பேசும்படம் என்று அதைச் சொல்கிறோம். ஆயினும் அதில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது. அது பிறந்ததும் மும்பையில். ஒலியோடு படம் எடுக்கும் ஏந்துகள் அன்று தமிழ்நாட்டில் இல்லை. சென்னையில் அத்தகைய படப்பிடிப்பு நிலையம் தோன்றியது 1934-ஆம் ஆண்டிலேதான். எனவே சாமிக்கண்ணு வின்சென்று, கல்கத்தா நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, 1933-இல் ‘வள்ளி திருமணம்’ என்னும் படத்தை வெளிக்கொணர்ந்தார். குறமகள் வள்ளியின் கதையைத் தமிழில் எடுக்க வங்கநாட்டுக்குப் போகவேண்டியிருந்தது! டி. பி. இராசலட்சுமி நடித்த அப்படம் மக்களிடையே பெருவரவேற்புப் பெற்றது.

அயலூர்க்குச் சென்று படமெடுக்கும் இந்நிலை மாறவேண்டும் என்று கருதிய கோவைத் தொழில்முனைவோர் சிலர், 1930-களின் நடுப்பகுதியில் இந்நகரிலேயே ‘சென்றல்’ படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினர். அவர்களுள் சாமிக்கண்ணுவும் ஒருவர். 1944-இல் வெளிவந்து நெடுங்காலம் ஓடிய ‘அரிதாசு’ அங்கே உருவான படம். 1947-இல் ம. கோ. இராமச்சந்திரன் தலைமை வேடத்திலும், மு. கருணாநிதி உரையாடல் எழுத்திலும் வெளிப்பட்ட ‘இராசகுமாரி’யும் அங்கேதான் உருவாயிற்று. தமிழ்நாட்டின் பிற்கால அரசியலையே மாற்றிய இருவர் வாழ்வின் ஒரு திருப்பம் கோவை மண்ணில் நிகழ்ந்தது. 1942-இல் மறைந்த சாமிக்கண்ணு இவற்றைக் காணவில்லை. ஆனால் நிலத்தை உழுது வைத்தவர்களுள் அவர் ஒருவர்.

ஒரே கூரையின்கீழ்

கொட்டகையால் நாட்டுக்கு என்ன நன்மை என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. திரைப்படம் மக்களைக் கெடுத்த கதைகளை நானும் அறிவேன். திரையில் ஓடியது வேறு; திரைக்கு முன்னால் நிகழ்ந்தது வேறு. பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள், தமிழ்த் திரைப்படமும் அரசியலும் பற்றி 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலையிடம் படக்கொட்டகையே என்பதும், அங்கே இருக்கையை உறுதிசெய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்பதும் அவர் கருத்து.

இதன் ஆழத்தை நம் முந்தைய தலைமுறையினர் உணர்ந்திருப்பர். கோயிலுள் நுழையவொட்டாமல் தடுக்கப்பட்டவன், ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளவொட்டாமல் விரட்டப்பட்டவன், சில காசு கொடுத்துச் சீட்டு வாங்கியதும் கொட்டகையுள் அமர்ந்தான். தரை, விசிப்பலகை, நாற்காலி எனக் காசினால் வந்த பிரிவு அங்கும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் காசு இன்று இல்லாவிடினும் நாளை வரும், பிறப்பு மாறாது. விளக்கணைந்த பின் அருகிலிருப்பவன் யாரென்று எவரும் கேட்கவில்லை. அந்த இருட்டு நம் மக்களுக்கு ஒரு வெளிச்சமாயிருந்தது.

தேய்வும் இடிவும்

வெரைட்டி ஆல் பின்னர் ‘டிலைட்டு’ என்று பெயர் மாறிற்று. அரங்கின் பெயர் மாறினும் தெருவின் பெயர் மாறவில்லை. ஆண்டுகள் சென்றன. 1975-ஆம் ஆண்டு சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 1990-களில் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி வீடு தோறும் நுழைந்தது. படச்சுருள் போய் எண்மமுறைப் படக்கருவி வந்தது. அதற்குப் பெருமுதல் வேண்டியிருந்தது. வணிக வளாகங்களுள் பல திரை கொண்ட அரங்குகள் தோன்றின. நகரின் நடுவில் நிலவிலை ஏறியது. ஒற்றைத் திரை அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. டிலைட்டு இறுதிக் காலத்தில் பழைய படங்களைத் திரையிட்டுக் காலந்தள்ளிற்று. நூறாண்டு நிறைந்த பின்னர், 2020-ஐ அடுத்துவந்த ஆண்டுகளில், அஃது இடிக்கப்பட்டது.

சுவர்கள் இறங்கிக்கொண்டிருந்த நாள்களில் ஒருநாள் நான் அங்குச் சென்றேன். எதிரிலிருந்த தேநீர்க் கடையில் நின்று, “நூறாண்டுச் சின்னத்தை இப்படி இடிக்கலாமா?” என்று சினந்து பேசினேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த முதியவர் தலைநிமிராமலே, “ஏனுங்கய்யா, நீங்க கடைசியா எப்ப இங்க படம் பாத்தீங்க?” என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றுஞ் சொல்லவில்லை. தேநீரை மட்டும் நீட்டினார்.

தோழர்களே! அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன். அரங்கின் உடைமையாளரைக் குறைசொல்லுதல் எளிது. வருவாயில்லாத கட்டடத்தைப் பெருமைக்காக மட்டும் காத்து நிற்க எவரால் இயலும்? வரி கட்டவேண்டும்; கூரை வேயவேண்டும்; பணியாளர்க்கு ஊதியம் தரவேண்டும். நாம் சீட்டும் வாங்கவில்லை. அரசுக்கு விண்ணப்பமும் எழுதவில்லை. இடிந்த பிறகு கண்ணீர்மட்டும் விடுகிறோம்.

எஞ்சியதும் எஞ்சாததும்

இப்போது ஓர் ஒப்புமை கூறுகின்றேன். 1913-இல் சென்னையில் ஆங்கிலேயர் தொடங்கிய மின்சாரக் கொட்டகை இரண்டே ஆண்டுகளில், 1915-இல் மூடப்பட்டது. அதை அஞ்சல்துறை வாங்கிற்று. அக்கட்டடம் அண்ணாசாலை அஞ்சலக வளாகத்துள் அஞ்சல்தலை நிலையமாக நின்று நிலைத்தது. இரண்டாண்டு மட்டும் கொட்டகையாயிருந்தது நின்றது. நூறாண்டுக் கொட்டகை நிற்கவில்லை. ஆங்கிலேயன் கட்டியது வலிது, தமிழன் கட்டியது மெலிது என்பதா கரணியம்? அன்று. அங்கே அக்கட்டடத்திற்கு நாள்தோறும் ஒரு பயன் இருந்தது; அதைப் பேணும் பொறுப்பு ஒரு துறையின் கையில் இருந்தது. ஒரு கட்டடத்தைக் காப்பது அதன் புகழ் அன்று. அதன் பயனும், அதற்குப் பொறுப்பேற்பாருமே.

சட்டமும் தானாக வந்து காக்காது. நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாதனவற்றைத் தொல்சின்னம் எனக் கருத இடந்தருகின்றது. 1914-இல் எழுந்த நம் அரங்கு 2014-இல் அவ்வகவையை எட்டிற்று. ஆனால் அகவை நிறைந்தால் மட்டும் போதாது; அரசு அதைக் காக்கத்தக்கதென முறைப்படி அறிவிக்கவேண்டும். தமிழ்நாட்டில் மரபுடைமை ஆணையத்திற்கெனத் தனிச்சட்டம் 2012-இலேயே இயற்றப்பெற்றது. கோயிலைக் காக்கவேண்டுமென்றால் நமக்கு விளங்குகின்றது. கோட்டையைக் காக்கவேண்டுமென்றாலும் விளங்குகின்றது. உழைக்கும் மக்கள் தரையில் அமர்ந்து மகிழ்ந்த ஓரிடமும் வரலாற்றுச் சின்னமே என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை. வரலாறு என்றால் வேந்தர்தம் வாளும் வெற்றியுமே என்று பழகிவிட்டோம்.

இனிச் செய்யவேண்டுவன

போன கட்டடத்தை மீட்கவியலாது. ஆனால் மூன்று பணிகள் இன்னும் நம் கையில் உள்ளன.

ஒன்று: அத்தெருவில், மக்கள் கண்ணிற்படும் இடத்தில், ஒரு கல் நடவேண்டும். சாமிக்கண்ணு வின்சென்று என்னும் தமிழர் 1914-இல் இங்குப் பல்சுவை மன்றம் எழுப்பினார் என்று நல்ல தமிழில் அதிற் பொறிக்கவேண்டும். தெருவின் பழம்பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அழித்தால் எஞ்சிய ஒரே சான்றும் போய்விடும். பெயர்ப்பலகையின் கீழ் அதன் பொருளையும் வரலாற்றையும் எழுதுங்கள் என்றே கேட்கிறேன். இதை மாநகராட்சியிடம் எழுத்தால் வேண்டுவோம்.

இரண்டு: வீடுகளில் உறங்குவனவற்றைத் திரட்டவேண்டும். பழைய விளம்பரத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதி, அரங்கின் முன் எடுத்த நிழற்படம் எதுவாயினும் சரி. பழந்தாள் வாங்குவோனுக்கு எடைபோட்டு விற்குமுன் ஒருமுறை பாருங்கள். நீங்கள் குப்பையென்று எறிவது நாளை ஆய்வாளனுக்குச் சான்று.

மூன்று: முதியோரிடம் கேட்டு எழுதவேண்டும். இதுவே தலையாய பணி. காத்திருக்க முடியாத பணியும் இதுவே. படக்கருவி இயக்கியவர், சீட்டுக் கிழித்தவர், முறுக்கு விற்றவர், சுவரொட்டி ஒட்டியவர் ஆகியோர் நினைவில் உள்ளவை எந்த நூலிலும் இல்லை. கல் நாளைக்கும் நடலாம். முதியவர் நாளைக்கு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இங்கு வந்திருக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் சென்று, ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிவந்தால், அடுத்த கூட்டத்திற்குள் ஒரு நூலுக்குரிய செய்தி திரண்டுவிடும்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். அந்தத் தேநீர்க் கடைக்காரரிடம் வரும் ஞாயிறன்று வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இனி இயலாது. அவரிடம் நான் கேட்கவேண்டிய கேள்விகள் பல உள. குறிப்பேடு ஒன்றும் வாங்கிவிட்டேன்.

அடுத்தமுறை அச்சிறுவன், “அந்த ஆல் எங்கீங்க?” என்று நம்மைத் திருப்பிக் கேட்டால், கைநீட்டிக் காட்ட ஒரு கல்லாவது, எடுத்துக் கொடுக்க ஒரு நூலாவது நம்மிடம் இருக்கவேண்டும்.